தயிர் டப்பா

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் துளசி எப்போதும் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். பின்னால் ஆட்கள் நெருக்கியடிப்பார்கள். அங்கே தயிர் தாங்காது. மடியில் எவர்சில்வர் டப்பா. இரண்டு கைகளாலும் பிடித்திருப்பாள். பள்ளம் வந்தால் மடியிலிருந்து லேசாகத் தூக்கிக்கொள்வாள்.

"கொழந்தய வெச்சினு போற மாதிரியே போறியேக்கா" என்பான் டிரைவர் வேல்முருகன். அவளுக்குக் குழந்தை இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

பள்ளி மைதானத்தில் கபடி ஆடும் பெண்களை வட்டமாக உட்கார வைத்து டப்பாவைத் திறந்து காட்டுவாள். வெட்டி எடுக்கலாம் போல உறைந்து நிற்கும் தயிர். மூடிவிட்டு இரண்டு குலுக்குக் குலுக்குவாள். டப்பாவைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவாள். கீறல் இல்லை, நசுங்கல் இல்லை. பிறகு திறப்பாள். உள்ளே தயிர் உடைந்து நீர் பிரிந்து கிடக்கும். மண்டை ஓடுதான் டப்பா, மூளைதான் தயிர். ரத்தம் வரவில்லை, வீக்கம் இல்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று எழுந்து ஆடப் போகாதீர்கள். இவ்வளவுதான் பாடம். இந்தப் பாடத்துக்காக முதல் நாள் இரவு பாலைக் காய்ச்சி உறை ஊற்ற வேண்டும், காலையில் அது குலுங்காமல் ஊர் வந்து சேர வேண்டும்.

சென்னையில் நடந்த பயிற்சியில் முட்டையைத்தான் காட்டச் சொல்லியிருந்தார்கள். அவள் போன முதல் பள்ளி ஒரு சைவ அறக்கட்டளையினுடையது. பையில் முட்டை இருப்பதைப் பார்த்த தலைமையாசிரியை அதைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். வெளியே வைத்ததை நாய் தின்றது. அன்றிலிருந்து தயிர்.

துளசி ஒருகாலத்தில் கபடி ஆடியவள். மாவட்ட அணி வரை போனாள். இடது கைச் சுண்டுவிரல் கோணலாக நிற்கும். மூச்சைப் பிடித்துப் பாடிப் பாடித் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. கல்யாணமாகி, கணவன் விட்டுப் போய், அம்மா மணியம்மாளோடு வந்து தங்கிய பிறகு ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியைக்கு உதவியாளாக இருந்தாள். அந்த வேலையும் போனபோது டாக்டர் பிரேம்நாத்தின் ஆய்வுக்குக் களப்பணியாளர் தேவைப்பட்டது. தலையில் அடிபட்டு யாரையாவது பறிகொடுத்தீர்களா, அதனால்தான் இதற்கு வந்தீர்களா என்று சிலர் கேட்பார்கள். இல்லை என்பாள். கேட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

பிரேம்நாத் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் டாக்டர். கபடியில் தலையில் அடிபடும் பள்ளிப் பெண்கள் தேற எவ்வளவு காலமாகிறது, அடிபட்ட நாளிலிருந்தே ஓய்வெடுத்தால் சீக்கிரம் தேறுகிறார்களா என்று பார்ப்பது அவருடைய ஆய்வு. இதைப் பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகளை வைத்து யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று முதல் நாளே சொன்னார். அவர் சொன்ன விதம் துளசிக்குப் பிடித்தது. தான் ஒரு பெரிய காரியத்தின் நுனியில் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

பெண்கள் நன்றாக இருக்கும்போது ஒரு சோதனை, அடிபட்டால் மறுபடி அதே மாதிரி ஒன்று. ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த பட்டியலில் 'சேணம்' என்று ஒரு சொல் இருந்தது. எந்தப் பெண்ணுக்கும் அது தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டு துளசியே மாற்றி எழுதினாள். குடம், மணி, வாழை, கதவு, தேர். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் அடிபடாத பெண்களே மார்கழியில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் கிழமைகள். கடைசியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

பாடம் முடியும் இடத்தில் அவள் இன்னொன்றும் சொல்வாள். பிள்ளைகளின் தலையில் குட்டாதீர்கள். அங்கேதான் எல்லோரும் சிரிப்பார்கள். கணக்குத் தப்பினால் குட்டு, பால் பொங்கினால் குட்டு, தறியில் இழை தப்பினால் குட்டு. குட்டக் குட்டத்தான் புத்தி வரும் என்று நம்புகிற ஊர்.

"அப்ப புள்ளையார் முன்னாடி நாங்களே குட்டிக்கிறோமே மேடம், அதுக்கும் உங்க டாக்டருகிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று கேட்டார் பி.டி. மாஸ்டர் அப்பாதுரை. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துளசியும் சிரித்து வைத்தாள். இவரைப் பகைத்துக்கொண்டால் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது.

அப்பாதுரையின் அணியில் காவேரி என்று ஒருத்தி. பதினோராம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவுக்காரர் கைலாசத்தின் ஒரே பெண். ஒல்லி. எதிர் அணிக்குள் பாடிக்கொண்டு போனால் யார் கைக்கும் அகப்படாமல் நழுவி வருவாள். மாவட்டத் தேர்வுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் எடுத்துவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம், சோறு, படிப்பு. காவேரிக்கு அதில் முக்கியமானது விடுதி. வீட்டில் இருக்க வேண்டாம். இதை அவள் துளசியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். துளசியை அக்கா என்று கூப்பிடுவாள்.

அது துளசியின் கண்முன்னால் நடந்தது. பயிற்சியில் காவேரி கோட்டைத் தொடக் குனிந்து பாய்ந்தாள். பிடிக்க வந்தவளின் முழங்கால் காவேரியின் பொட்டில் இடித்தது. விழுந்தாள். உடனே எழுந்தும் விட்டாள். எழுந்தவள் எதிர் அணியின் பக்கம் போய் அவர்களோடு கைகோத்து நின்றாள். பெண்கள் சிரித்தார்கள். அப்பாதுரை முகத்தில் தண்ணீர் அடித்து, போ போ ஒண்ணுமில்லை என்றார்.

துளசி அவளை மைதானத்து ஓரம் கூட்டிப்போய் உட்கார வைத்து ஐந்து சொற்களைச் சொன்னாள். காவேரி குடம் என்றாள். தேர் என்றாள். பிறகு துளசியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கு முன்னால் என்ன கிழமை என்றதற்குச் சனி என்றாள். ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. மற்ற பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். குடம் மணி வாழை என்று ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

இவள் இந்தப் போட்டியில் ஆடக் கூடாது என்றாள் துளசி. அப்பாதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளும் ஆடியவள்தானே, எத்தனை முறை மண்டையில் வாங்கியிருப்பாள், எழுந்து ஆடவில்லையா என்று கேட்டார். பிறகு, தயிர் கொண்டுவந்தவங்க தயிரை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம் என்றார்.

துளசி அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தாள். பிரேம்நாத்தின் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அடிபட்ட கணத்திலிருந்தே நாம் பார்த்த முதல் பெண் இவள்தான் என்றார். மற்றவர்கள் எல்லாம் நான்கைந்து நாள் ஆடிவிட்டு, வாந்தி எடுத்துவிட்டு, அப்புறம்தான் நம் கைக்கு வருகிறார்கள். இவளை மட்டும் எப்படியாவது ஓய்வில் வைத்துவிடுங்கள் துளசி, அது உங்கள் பொறுப்பு. எப்படியாவது என்பதை இரண்டு முறை சொன்னார்.

மாஸ்டரை மீறக்கூடியவர் ஒருவர்தான். அப்பா. துளசி மறுநாள் காலை பிள்ளையார்பாளையம் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தறிதான். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார் கைலாசம். தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு முகூர்த்தப் புடவை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் இரண்டையும் இழைக்கு இழை பூட்ட வேண்டும். அதைக் கோர்வை என்பார்கள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, நெய்கிறவரின் கையைப் பார்த்துப் பார்த்துக் கரை இழையைக் கொண்டுபோகும் நாடாவை வீச வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது. கோர்வைக்கு வந்துகொண்டிருந்த பையன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். காலையில் பள்ளிக்கு முன்பும் மாலையில் பயிற்சி முடிந்தும் காவேரி உட்காருவாள். மற்ற நேரத்தில் தறி நின்று கிடக்கும். முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

துளசி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அடி வெளியே தெரியாது, உள்ளே ஆறும் வரை இன்னொரு அடி படவே கூடாது, முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் உயிருக்கே ஆபத்து. கைலாசம் நாடாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். காவேரியின் அம்மா வடிவாம்பாள் அடுப்படி வாசலில் நின்று, இதை அக்கம்பக்கத்தில் சொல்ல வேண்டாம், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் மண்டை கலங்கின பெண் என்பார்கள் என்று மட்டும் சொன்னாள்.

"கபடிக்கு அனுப்பக் கூடாது, அவ்ளோதானேம்மா?" என்றார் கைலாசம். "அனுப்பல. நானே அதான் சொல்லிக்கினு இருக்கிறேன், எவ கேக்குறா. ஸ்கூலுக்கும் கொஞ்ச நாளு வாணாம். தறியில உக்காரலாமில்ல?"

துளசிக்குக் கண்ணைச் சுருக்கி ஒன்றையே பார்ப்பதும் ஆகாது என்று பயிற்சியில் சொன்னது நினைவுக்கு வந்தது. தறிக்கு மேலே தொங்கிய குழல்விளக்கைப் பார்த்தாள். ஜரிகையில் அது விழுந்து தெறித்தது. ஆகாது என்று சொன்னால் இந்த மனிதருக்குப் பெண்ணை வீட்டில் வைத்திருக்க ஒரு காரணமும் இருக்காது. நாளைக்கே அப்பாதுரை வந்து பேசுவார், பெண் ஆடுகளத்தில் நிற்பாள். இங்கே முழங்கால் வந்து இடிக்கப் போவதில்லை. உட்கார்ந்த இடத்தில் கைதானே அசைகிறது.

"உக்காரலாம்" என்றாள். "ரொம்ப நேரம் வேணாம்."

"ஆவட்டும்மா."

காவேரி சுவரோரம் பாயில் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, வெளையாடக் கூடாதுன்னா வெளையாடல. ஸ்கூலுக்காவது போறேனே" என்றாள். "லைட்டு கூசுதுக்கா. நாடா ரெண்டா தெரியுது."

சரியாகிவிடும் என்றாள் துளசி. அவளுக்கு அப்போது அவசரம். அடுத்த பள்ளியில் தயிர்ப் பாடம் காத்திருந்தது.

அப்பாதுரை இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனார். கைலாசம் அவரை உள்ளேகூடக் கூப்பிடவில்லை. தேர்வுப் போட்டி காவேரி இல்லாமல் நடந்து முடிந்தது. அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. துளசி இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் அபாரம் என்றார். அந்தச் சொல்லை அவள் வீடு வரும் வரை மனதில் வைத்திருந்தாள். மணியம்மாளிடம்கூடச் சொன்னாள். மணியம்மாள், ஒரு பெண்ணின் ஆட்டத்தைக் கெடுத்ததற்கா அபாரம் என்றாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் துளசி போய்ப் பார்த்தாள். போகும்போதெல்லாம் காவேரி தறியில்தான் இருந்தாள். விடிவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறாள் என்று வடிவாம்பாள் மெதுவாகச் சொன்னாள். தறி ஓடிக்கொண்டிருந்ததில் கைலாசம் உற்சாகமாக இருந்தார். துளசிக்கு டீ வாங்கி வரச் சொன்னார். காவேரி ஐந்து சொற்களில் மூன்று சொன்னாள், பிறகு நான்கு. பரவாயில்லை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. சொல்லும்போது ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டாள். இழையைத் தப்பவிடுகிறாள், ஒன்றுக்கு இரண்டு முறை பிரித்து நெய்ய வேண்டியிருக்கிறது என்றார் கைலாசம். மத்தியானத்துக்கு மேல் படுக்க விடுங்கள் என்றாள் துளசி. ஆவட்டும் என்றார். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. ரொம்பச் சொன்னால் கோபத்தில் திரும்பக் கபடிக்கே அனுப்பிவிடுவார் என்று பயந்தாள். ஓய்வு தொடர்கிறது என்று டாக்டருக்குச் செய்தி அனுப்பினாள்.

ஐந்து சொற்களையும் காவேரி சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போதும் கிழமைகளில் தடுமாறினாள், தலைவலி போகவில்லை. ஆனாலும் துளசி அவள் கன்னத்தைத் தட்டினாள். காவேரி சிரித்தாள். அடுத்த வருஷம் ஆடலாமா அக்கா என்று கேட்டாள்.

மறுநாள் முற்பகலில் காவேரி நாடாவை முந்தி வீசினாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார். மறுபடி முந்தினாள். பச்சை இழை அரக்குக்குள் ஓடிவிட்டது. கைலாசம் பின்மண்டையில் குட்டினார். எப்போதும் குட்டுவதுதான், அவருடைய அப்பா அவரைக் குட்டியதும் அதே இடத்தில்தான். காவேரியின் கழுத்தில் அன்றைக்கு வலு இல்லை. தலை முன்னால் போய், நெய்த துணியைச் சுருட்டும் படமரத்தில் நெற்றி இடித்தது. சத்தம் கேட்டது என்று வடிவாம்பாள் பிற்பாடு சொன்னாள். காவேரி அழவில்லை. தூக்கம் வருது என்றாள். பிரித்துக் கொடுத்துவிட்டுப் படு என்றார் அப்பா. அவள் பச்சை இழையை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். பிறகு போய்ப் படுத்தாள். துளசி படுக்கவிடத்தான் சொல்லியிருந்தாள் என்று யாரும் எழுப்பவில்லை. சாயங்காலம் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். தலையை மழித்துத் திறந்தார்கள். அவள் வீட்டுக்கு வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது. புடவையைக் கைலாசம் வேறொரு ஆளை வைத்து நெய்து கொடுத்திருந்தார்.

துளசி எதையும் மறைக்கவில்லை. தறியில் உட்காரலாம் என்று தான் சொன்னதையும் டாக்டரிடம் சொன்னாள். 

"பாவம்தான்" என்றார் பிரேம்நாத். "ஆனா ரெண்டாவது அடி விளையாட்டுல விழல பாருங்க. வீட்டுல விழுந்தது. இதை உள்ளே வெச்சா மத்த எல்லாத்தையும் குழப்பிடும். எடுத்துடலாம். நீங்க மனசுல வெச்சிக்காதீங்க துளசி, ஆய்வுக்கு ஒரு பாதிப்பும் இல்லை."

காவேரி எடுக்கப்பட்டாள்.

அப்பாதுரை இப்போது துளசியை முகம் மலர வரவேற்கிறார். எல்லாப் பெண்களையும் அவரே வரிசையாக உட்கார வைக்கிறார். இந்த மேடம் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், காவேரி கேட்டாள் என்கிறார். அவள் ஆடுகளத்தில் இருந்திருந்தால் இன்றைக்கு விடுதியில் இருந்திருப்பாள் என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று துளசிக்குத் தெரியும். பெண்கள் யாரும் அடிபட்டதை இப்போது சொல்வதில்லை. போன வாரம் ஒருத்தி மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை தரையில் மோதியது. துளசி ஓடினாள். அந்தப் பெண் எழுந்து தள்ளாடி நின்று, துளசி வாயைத் திறப்பதற்குள், குடம் மணி வாழை கதவு தேர் என்றாள். மைதானமே சிரித்தது. பாடிக்கொண்டு போகிறவர்களில் ஒருத்தி அன்றைக்குக் கபடி கபடி என்பதற்குப் பதிலாக அதையே சொல்லிக்கொண்டு போனாள். நடுவர் இடத்தில் நின்ற அப்பாதுரை விசில் ஊதவில்லை.

பள்ளி முடிந்து துளசி பிள்ளையார்பாளையம் போகிறாள். ஆய்வுக்கு இது தேவையில்லை. அவளாகப் போகிறாள்.

காவேரி தறிக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முடி ஓரங்குலம் வளர்ந்திருக்கிறது. வலது கை மடங்கியே இருக்கிறது. சத்யப்ரியா என்று தூரத்துச் சொந்தக்காரப் பெண்ணைக் கூரத்திலிருந்து அழைத்துவந்து கோர்வைக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் இழை தப்பினால் கைலாசம் கையை ஓங்கி, ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொள்கிறார்.

காவேரி வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறை போனபோது துளசி வாசலிலேயே நின்றாள். அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று வந்திருந்தாள். அவர் சண்டைக்கு வரவில்லை.

"நீ உக்காரலாம்னு சொன்ன, அதாம்மா உக்கார வெச்சேன்" என்றார். "சொல்லாங்காட்டி வெச்சிருக்க மாட்டேன்." நெய்கிற புடவையின் நிறத்தைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

காவேரி அம்மாவிடம் பேசுவதில்லை. அப்பாவிடம் பேசுவதில்லை. பசித்தாலும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் துளசி வாசற்படி ஏறியதும் நிமிர்ந்து உட்காருகிறாள். சோதனைக்கு உட்காருவது போல முதுகை நேராக்கிக்கொள்கிறாள். குடம், மணி, வாழை, கதவு, தேர். ஒன்றும் தப்புவதில்லை, வரிசை மாறுவதில்லை. சொல்லிவிட்டு, கன்னத்தைத் துளசியின் பக்கமாக நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.

"உன்னப் பாத்தாதாம்மா வாயத் தெறக்குது" என்றாள் வடிவாம்பாள். "தினமும் வந்துட்டுப் போயேன். உனக்கு இன்னா, இந்தப் பக்கம்தானே வர்ற."

துளசி தினமும் போகிறாள். நேற்றுப் போனபோது வடிவாம்பாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். காவேரிக்கு மெல்ல வராது. குழைத்துத்தான் ஊட்ட வேண்டும். துளசியின் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்து அதில் என்ன என்று கேட்டாள். தயிர் என்றாள் துளசி.

வடிவாம்பாள் வாங்கித் திறந்து பார்த்தாள்.

"ஒடஞ்சிருக்குது."

துளசி டப்பாவின் மூடியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பரவால்ல, பெசயறதுதானே" என்று தயிரைச் சோற்றில் கவிழ்த்தாள். டப்பாவைக் கழுவி, துடைத்து, ஒரு நசுங்கல்கூட இல்லாமல் புதுசாட்டம் இருக்குதே என்று சொல்லித் துளசியிடம் கொடுத்தாள். காவேரி வாயைத் திறந்தாள்.